எதுவரைக்கும் என்று கேட்ட ஆச்சி

“கோர்ட்டே உத்தரவு போட்டுவிட்டது, இதற்கு மேல் நோட்டீஸ் எதற்கு?” வெள்ளத்துக்குப் பிறகு, ஓடை ஆக்கிரமிப்புகளை அகற்றும் பேச்சு வந்தபோது, எங்கள் பக்கத்தில் இந்தக் கேள்வியைக் கேட்காத ஆள் இல்லை. அலுவலர்கள் கேட்டார்கள், விவசாயிகள் கேட்டார்கள், டீக்கடையில் பேப்பர் விரித்தவர்கள் கேட்டார்கள். ஓடைக்குள் வீடு கட்டியவனுக்கு வெற்றிலை பாக்கு வைத்தா சொல்ல வேண்டும் என்றார் பக்கத்து வயல்காரர். அவர் என் நெடுநாள் நண்பர், நியாயஸ்தர். 2023 டிசம்பரில் பிசானப் பருவத்துக்கு நட்டு முடித்த நெல் வயலை மணலுக்குப் பறிகொடுத்தவர். ‘சட்டம் அப்படிச் சொல்கிறது அண்ணாச்சி’ என்று அவருக்கு அன்று ஒரு பதில் சொன்னேன். வயலை இழந்து நிற்கும் மனிதருக்கு அது பதில் ஆகாது. சரியான பதில் என்ன என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நான் குளத்தின் பக்கம் நிற்பவன். தாமிரபரணியின் கன்னடியன் கால்வாயில் தண்ணீர் வாங்கும் ஒரு குளத்தின் ஆயக்கட்டில், அதாவது பாசனப் பரப்பில், எங்களுக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. அந்த டிசம்பர் மழையைப் பற்றி நெல்லைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டிய அந்த நேரத்தில், எங்கள் குளமும் பெருகி, உபரித் தண்ணீர் மறுகால் பாய்ந்தது. பாய்ந்த தண்ணீர் போவதற்கு ஓடை இல்லை. மாட்டு வண்டிகள் எதிரெதிரே போகலாம் என்று பெரியவர்கள் சொல்லும் அகலத்தில் இருந்த மறுகால் ஓடையை, ஒரு பக்கம் வீடுகளும் மறுபக்கம் நீளமான மதில் சுவரும் நெருக்கியிருந்தன. மிச்சமிருந்த ஓடை ரோட்டுப் பாலத்தின் குழாய்களுக்குள் அடங்கிப் போயிருந்தது. தண்ணீர் எதிர்த்துத் திரும்பி, கரையில் ஏறி, மடைக்குப் பக்கத்தில் உடைத்துக்கொண்டு வயலில் இறங்கியது. ஓடை திரும்பக் கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கும் என் நண்பருக்கும் துளி கருத்து வேறுபாடு கிடையாது.

உத்தரவின் பிற்பாதி

வெள்ளம் வடிந்த பின் எங்கள் பக்கத்திலிருந்து உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு ஒரு பொதுநல மனு போனது. ஓடை ஆக்கிரமிப்புகளைக் குறிப்பிட்ட வாரங்களுக்குள் அகற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தில் அன்று எல்லோருக்கும் சந்தோஷம், எனக்கும்தான். 2004 ஜூலையில் அந்தக் கிளை மதுரைக்கு வந்திராவிட்டால் இப்படி ஒரு மனுவை நாங்கள் நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டோம். சென்னைக்கு ரயில் ஏறி வழக்கு நடத்த எந்த ஆயக்கட்டுக்காரருக்கு வசதி இருக்கிறது? தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு 2010-இல் ஐந்து ஆண்டுத் தடை விதித்ததும் இந்தக் கிளைதான். ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த இரா. நல்லகண்ணு அந்த வழக்கில் தானே நின்று வாதாடினார். அரசு செய்யத் தவறியதைச் செய்ய வைக்கும் இடம் என்றுதான் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வழிதரும் அரசியல் சட்டத்தின் 226-ஆம் பிரிவை எங்கள் ஆற்றங்கரை அறிந்து வைத்திருக்கிறது.

கோடையில் ஜேசிபி வந்தது. அருகில் நின்ற அலுவலரிடம் நீதிமன்ற உத்தரவின் நகல் இருந்தது. நோட்டீஸ் கொடுத்தீர்களா என்று யாரோ கேட்டதற்கு, நான் மேலே எழுதிய அதே கேள்வியைத்தான் அவரும் திருப்பிக் கேட்டார். வீட்டுச் சுவரில் ஒட்டியிருந்த தாளில் ‘நீர்வழிப் புறம்போக்கு ஆக்கிரமிப்பு’ என்று அச்சாகியிருந்தது. சர்வே எண்ணுக்கும் பரப்புக்கும் விட்ட இடம் வெறுமையாக இருந்தது. நகலை வாங்கிப் படித்தேன். கடைசிப் பத்தியில் வாரக் கெடு இருந்தது. அதே வாக்கியத்தில், பாதிக்கப்படுபவர்களுக்கு வாய்ப்பளித்து, சட்ட நடைமுறையைப் பின்பற்றி அகற்ற வேண்டும் என்றும் இருந்தது. கெடு எல்லோருக்கும் மனப்பாடமாகியிருந்தது. பிற்பாதியை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்த நடைமுறை நேற்று வந்த புதுச் சரக்கு அல்ல. 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டம் வெள்ளைக்காரன் போட்ட சட்டம். மக்களுக்கு வாக்குரிமைகூட இல்லாத காலத்தில் எழுதப்பட்டது. அதன் 7-ஆவது பிரிவே, எந்த நிலம் என்று குறிப்பிட்டு, உன்னை ஏன் வெளியேற்றக் கூடாது என்று காரணம் கேட்டு நோட்டீஸ் தர வேண்டும் என்கிறது. குளங்களுக்கென்றே தமிழ்நாடு 2007-இல் கொண்டுவந்த சட்டத்தைச் செல்லும் என்று ஏற்ற உயர் நீதிமன்றமும், அகற்றுவதற்கு முன் ஆட்சேபத்தைக் கேட்க வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் ஏற்றது. வெள்ளைக்காரன் தன் குடிகளுக்குக் கொடுத்த அளவு மரியாதையைக்கூட, நம் அரசு நம் குடிமக்களுக்குக் கொடுக்கக் கூடாதா?

அதிகாரத்துக்குக் கடிவாளமாக இருக்க வேண்டியது நீதிமன்றம். அதன் உத்தரவே, கேள்வி கேட்க முடியாத ஓர் அதிகாரமாக எங்கள் ஓடைக்கரையில் வந்து நின்றதுதான் என்னை மிகவும் உறுத்தியது. வட்டாட்சியர் உத்தரவு என்றால் மேல்முறையீடு செய்யலாம், ஆட்சியரிடம் போகலாம். கோர்ட் உத்தரவு என்றதும் எல்லா வாயும் அடைத்துப் போகிறது. நீதிபதிகள் ஆட்சி நடத்தலாமா என்ற விவாதம் நம் ஊரில் பெரிய பதவிகளை வைத்துத்தான் நடக்கிறது. மசோதாக்கள் மீது முடிவெடுக்க ஆளுநருக்குக் கெடு விதிக்கலாம் என்று 2025 ஏப்ரலிலும், விதிக்க முடியாது என்று அதே ஆண்டு நவம்பரிலும் உச்ச நீதிமன்றம் சொன்னபோது தொலைக்காட்சிகள் வாரக்கணக்கில் பேசின. அது பேச வேண்டிய விஷயம்தான். ஆனால் அதே கேள்வியின் கூர்மையான முனை தாலுகாவில் இருக்கிறது. பொதுநல வழக்கில் அரசைச் செய் என்று நீதிமன்றம் சொல்வது தவறு என்று நான் நினைக்கவில்லை. சொல்லாமல் இருந்திருந்தால் எங்கள் ஓடையை யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் அந்த வழக்கில் ஓடைக்கரைக் குடும்பங்கள் ஒரு தரப்பாகச் சேர்க்கப்படவில்லை. அவர்கள் பேச்சை நீதிபதி கேட்கவில்லை, கேட்கவும் வழியில்லை. கேட்கும் வேலையை உத்தரவின் பிற்பாதி அரசிடம் ஒப்படைத்திருந்தது. நீதிமன்றம் சொல்லிச் செய்தாலும் செய்வது அரசுதான். அரசு தானாகச் செய்யும்போது எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டுமோ, அதே சட்டத்துக்கு அப்போதும் கட்டுப்பட வேண்டும்.

மஞ்சள் பையில் பி மெமோ

மதியத்துக்குள் கீழ்க்கோடியில் இரண்டு வீடுகள் போய்விட்டன. ஓடு, கதவு, நிலை, ஆட்டுரல் எல்லாம் ஒரே குவியலாகக் கிடந்தன. மூன்றாவது வீடு ஓர் ஆச்சியுடையது. எங்கள் ஊர்க்காரரான இளம் வழக்கறிஞர் ஒருவர் ஒரு பக்கத்தில் ஆட்சேபம் எழுதி முந்தைய நாளே தாலுகா அலுவலகத்தில் கொடுத்திருந்தார். புதிதாக வந்திருந்த வட்டாட்சியர் அதைப் படித்துவிட்டு நேரில் வந்து இயந்திரத்தை நிறுத்தினார். அடுத்த வாரம் விசாரணை என்று தேதி சொன்னார். சட்டத்தில் எழுதியிருப்பது நடக்க ஒரு மனிதரின் நல்ல குணம் தேவைப்பட்டது. அது நல்ல நிலைமை அல்ல.

ஆயக்கட்டுதாரர் சார்பில் நானும் நண்பரும் விசாரணைக்குப் போனோம். மேசையில் புலப்படத்தை, அதாவது நில அளவை வரைபடத்தை, விரித்திருந்தார்கள். நகலுக்கு நகல் எடுத்த தாள், ஓடையின் கோடு சில இடங்களில் மங்கியிருந்தது. ஆச்சி ஒரு மஞ்சள் பையிலிருந்து ரப்பர் பேண்ட் போட்ட கட்டு ஒன்றை எடுத்து வைத்தார். அவ்வளவும் பி மெமோ ரசீதுகள், புறம்போக்கில் குடியிருப்பதற்காக அரசு விதித்து வசூலித்த அபராதத்துக்கானவை. சிலவற்றில் கார்பன் எழுத்து முற்றிலும் போய் முத்திரையின் வட்டம் மட்டும் மிஞ்சியிருந்தது. ஒரு ரசீதின் மடிப்பில் மஞ்சள்பொடி படிந்திருந்தது, அடுப்படி மாடத்தில் வைத்திருந்த காகிதமாக இருக்க வேண்டும். பி மெமோ கட்டினால் நிலம் சொந்தமாகிவிடாது. அது ஆச்சிக்கும் தெரிந்தே இருந்தது. ஆனால் அவர் அங்கே இருக்கிறார் என்பது அரசுக்குத் தெரியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேறு இல்லை. தெரிந்து பணம் வாங்கிய அரசு, இடிக்கும்போது மட்டும் தெரியாதவர்போல நடந்துகொள்ள முடியாது.

வட்டாட்சியர் என்ன சொல்கிறீர்கள் ஆச்சி என்று கேட்டார். ஆச்சி எழுந்து நின்று சொன்னது இதுதான்: “ஓடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை ஐயா. என் வீட்டுக்குள்ளும்தான் தண்ணீர் வந்தது. எதுவரைக்கும் எடுக்கப் போகிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள். அதுவரைக்கும் நானே பிரித்துத் தந்துவிடுகிறேன்.”

அறையில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை. இடிக்க இயந்திரம் வந்து நின்ற பிறகும், எதுவரைக்கும் என்று அரசுக்கே தெரிந்திருக்கவில்லை. நில அளவர் ஸ்கேலை எடுத்துக் கோட்டின் மேல் வைத்துப் பார்த்தார், திருப்பி வைத்துப் பார்த்தார், இடத்துக்குப் போனால்தான் சொல்ல முடியும் என்றார். போனோம். எல்லைக்கல் மண்ணுக்குள் புதைந்திருந்தது. தோண்டி எடுத்து அங்கிருந்து அளந்தார்கள். ஆச்சியின் தொழுவமும் அடுப்படியும் ஓடைக்குள் விழுந்தன. முன்னறையும் திண்ணையும் குடியிருப்பு நிலமான நத்தத்தில் இருந்தன. எதிர்க்கரையில் இருந்த மதில் சுவர் தொடக்கத்திலிருந்து கடைசி வரை ஓடைக்குள் நின்றது. இடிக்க வேண்டியவற்றின் பட்டியலில் அந்தச் சுவர் இல்லவே இல்லை. பட்டியலை எப்படித் தயாரித்தீர்கள் என்று வழக்கறிஞர் கேட்டபோதுதான் விஷயம் வெளியே வந்தது. பி மெமோ பதிவேட்டைப் பார்த்து எழுதியிருக்கிறார்கள். அபராதம் கட்டியவர்கள் எல்லோரும் பட்டியலில் இருந்தார்கள். பதிவேட்டில் ஒருநாளும் ஏறாத சுவர்க்காரர் பட்டியலிலும் ஏறவில்லை.

என் நண்பர் அன்று அதிகம் பேசவில்லை. திரும்பும் வழியில், “அந்தச் சுவர்தானே தண்ணீரை நம் பக்கம் தள்ளியது” என்றார். ஆமாம். ஆச்சியின் வீட்டை அன்றே இடித்திருந்தால் இது வெளியே வந்திருக்காது. கெடுவுக்குள் முடித்தோம் என்று நீதிமன்றத்துக்கு அறிக்கை போயிருக்கும், அடுத்த மழைக்கும் கரை உடைந்திருக்கும். எதிர்த்தரப்பைக் கேட்பது எதிர்த்தரப்புக்குச் செய்யும் சலுகை என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். எங்கள் குளத்துக்கு அந்த விசாரணையால் கிடைத்தது ஆச்சிக்குக் கிடைத்ததைவிட அதிகம்.

முடிவு தெரிந்த விசாரணை

ஆனாலும் நண்பர் விடவில்லை. கடைசியில் ஆச்சிக்கும் பாதி வீடு போகத்தானே போனது, விசாரித்து என்ன மாறியது என்றார். இது அவர் மட்டும் கேட்கும் கேள்வி அல்ல. நிர்வாகச் சட்டத்தில் பல பத்தாண்டுகளாகத் தீராத வழக்கு இது. கேட்டாலும் முடிவு மாறாது என்றால் கேட்காமல் விட்டது குற்றமா? புது தில்லி நகராட்சிக் குழுவைக் கலைத்த வழக்கில், 1980-இல் உச்ச நீதிமன்றம் கேட்காமல் விட்டதே பாதிப்புதான், தனியாக வேறு பாதிப்பைக் காட்ட வேண்டியதில்லை என்றது. பம்பாய் நடைபாதைவாசிகள் வழக்கில் 1985-இல் தலைமை நீதிபதி சந்திரசூட், அவர்களிடம் சொல்லப் பதிலே இருக்காது என்பதால் நோட்டீஸ் வேண்டாம் என்ற வாதத்தை ஏற்கவில்லை. ஆனால் தாங்களே அவர்களை நீண்ட நேரம் கேட்டுவிட்டதால், மழைக்காலம் முடிந்ததும் அகற்றலாம் என்று முடித்தது அதே தீர்ப்பு. அதற்குப் பின் வந்த தீர்ப்புகள் பல, என்ன பாதிப்பு ஏற்பட்டது என்று காட்டு என்று மனுதாரரைக் கேட்கும் பக்கம் நகர்ந்திருக்கின்றன. 2020-இல் உச்ச நீதிமன்றம் அந்த நிலையை விரிவாகவே எழுதியது.

அந்த நகர்வில் எனக்கு உடன்பாடு இல்லை. கேட்டிருந்தால் என்ன மாறியிருக்கும் என்பதைக் கேட்காத ஒருவரால் சொல்ல முடியாது. பதிவேட்டைப் பார்த்து எழுதிய பட்டியல் தவறு என்பது, எதுவரைக்கும் என்று ஆச்சி கேட்கும் வரை அந்த அறையில் ஒருவருக்கும் தெரியாது. முடிவு இதுதான் என்று நிச்சயமாக நம்பும் அதிகாரிதான் அதிகம் கேட்க வேண்டியவர். இன்னொன்றும் உண்டு. ஆச்சி தொழுவத்தையும் அடுப்படியையும் தன் மக்களை வைத்துத் தானே பிரித்தார். ஓடுகளைத் துடைத்து அடுக்கி வைத்துக்கொண்டார், உத்திரமும் நிலையும் முழுசாகக் கிடைத்தன. அதே ஓடுகளைக் கொண்டு திண்ணையை ஒட்டிப் புது அடுப்படி போட்டுவிட்டார். கீழ்க்கோடி வீட்டார் இருவருக்கும் ஒரு நிலைச்சட்டம்கூட மிஞ்சவில்லை. காகிதத்தில் பார்த்தால் மூவரும் ஓடைப் புறம்போக்கைக் காலி செய்தவர்கள்தான்.

தோற்றவருக்கு விசாரணையால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்தே போன ஒரு வழக்கைச் சொல்வேன். தலைமைச் செயலாளராக இருந்த ராயப்பா, தன்னை மாற்றியது பழிவாங்கல் என்று உச்ச நீதிமன்றம் போனார். 1973 நவம்பரில் அவர் மனு தள்ளுபடியானது. ஆனால் மனம்போன போக்கில் செயல்படும் அதிகாரம் சமத்துவத்துக்கே எதிரி என்று நீதிபதி பகவதி அந்தத் தீர்ப்பில்தான் எழுதினார். அதற்குப் பின் அரசை எதிர்த்துப் போன எத்தனையோ பேர் அந்த வரியைப் பிடித்துத்தான் ஜெயித்தார்கள்.

அவசரம் என்று ஒன்று உண்டு, அதை மறுக்கவில்லை. டிசம்பரில் கரை உடையும் இரவில் யாராவது அந்த மதில் சுவரைக் கேட்காமல் உடைத்திருந்தால் நான் கூடவே நின்றிருப்பேன். சட்டமும் அந்த அவசரத்தை ஏற்கும். ஆனால் இயந்திரம் வந்தது பிசானம் அறுத்து, ஓடை வறண்டு கிடந்த கோடையில். மாதக்கணக்கில் சும்மா இருந்த அலுவலகத்துக்குக் கெடு முடியும் வாரத்தில் வருவதை அவசரம் என்று ஏற்க முடியாது.

இப்போது இன்னொரு வாதமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. வீடுகளை இடிப்பதற்கு முன் குறைந்தது 15 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13 அன்று சொன்னது. சாலை, ரயில் பாதை ஓரம், ஆறு, நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள கட்டுமானங்களுக்கு அந்த வழிகாட்டுதல்கள் பொருந்தாது என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. பார்த்தீர்களா, குளத்துக்கு நோட்டீஸ் தேவையில்லை என்று அதைக் காட்டுகிறார்கள். அந்தத் தீர்ப்பின் வழிகாட்டுதல்கள் பொருந்தாமல் போகலாம். 1905-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7-ஆவது பிரிவு அதனால் எங்கும் போய்விடவில்லை. நீர்நிலை என்று எழுதிவிட்டால் போதும் என்றால், அது நீர்நிலைதானா, எதுவரைக்கும் நீர்நிலை என்பதை யார் முடிவு செய்வது? திருநெல்வேலியின் புதிய பஸ் நிலையம் வேய்ந்தான்குளத்தில் நிற்கிறது. அரசு தன் கட்டடத்தை அளக்கும் கோலாலேயே ஆச்சியின் தொழுவத்தையும் அளக்க வேண்டும்.

மதுரைக்குப் போக முடிந்தவர்

சுவர் விஷயம் வெளியே வந்ததும் ஒரு பரபரப்பு ஏற்பட்டது. விட்டதைப் பிடிக்கும் வேகத்தில், மூன்று நாளில் இடிக்கப்படும் என்று சுவரில் ஒரு தாளை ஒட்டினார்கள். காரணம் கேட்கவில்லை, சர்வே எண் இல்லை, அளந்த விவரம் இல்லை. சுவர்க்காரர் உடனே மதுரைக்குப் போனார், இடைக்காலத் தடை வாங்கி வந்தார். சுவர் இன்றும் நிற்கிறது. பதில் மனு தாக்கலாகவில்லை. வழக்கு நிலுவையில் இருக்கிறது என்பதே அலுவலகத்தின் பதில். உத்தரவில் காரணம் இல்லையென்றால் பின்னால் பிரமாண வாக்குமூலத்தில் போய்ச் சேர்க்க முடியாது என்பது 1977 தேர்தலை ஒட்டிய வழக்கிலேயே நீதிபதி கிருஷ்ணய்யர் அடித்துச் சொன்ன விதி. ஆகவே இந்தத் தாளை வைத்துக்கொண்டு அரசு ஜெயிக்கப் போவதும் இல்லை.

நண்பருக்குக் கோபம் நீதிமன்றத்தின் மேல். பணக்காரனுக்குத் தடை, ஏழைக்கு ஜேசிபியா என்கிறார். அவர் கோபம் நியாயம். ஆனால் தடை எதை வைத்துக் கிடைத்தது? நோட்டீஸ் கொடுக்காததை வைத்து. கீழ்க்கோடி வீட்டார் இருவருக்கும் அதே குறை இருந்தது, அதே தடை கிடைத்திருக்கும். அவர்களுக்கு மதுரை வெகுதூரம். வக்கீல் கட்டணம், நகல் செலவு, கூலி இழப்பு, யாரைப் பார்ப்பது என்று தெரியாத திகைப்பு எல்லாம் சேர்ந்த தூரம் அது. சட்டம் கேட்கும் நோட்டீஸைத் தாலுகாவிலேயே கொடுத்திருந்தால் அந்தத் தூரத்தை அவர்கள் கடக்க வேண்டியிருந்திருக்காது. சுவர்க்காரருக்கும் மதுரையில் சொல்ல எதுவும் இருந்திருக்காது. நோட்டீஸைத் தாண்டிக் குதிக்கும் அரசு, வசதியுள்ளவருக்கு ஒரு வழக்கைக் கையில் கொடுக்கிறது, வசதியில்லாதவரிடமிருந்து வீட்டைப் பிடுங்குகிறது, ஓடையையும் மீட்பதில்லை. அன்று அண்ணாச்சிக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இது.

இதற்கு வழி இருக்கிறது, அதுவும் கடினமானதல்ல. மூன்று நாள் தாளை அரசே திரும்பப் பெறலாம். எந்தச் சர்வே எண், எத்தனை அடி என்று எழுதி 7-ஆவது பிரிவில் புதிதாக நோட்டீஸ் கொடுக்கலாம். பதிலைக் கேட்டு, காரணம் எழுதி உத்தரவு போடலாம். மதுரைக் கிளையே இப்படிப்பட்ட வழக்குகள் பலவற்றை, ஒட்டிய தாளை விளக்கம் கேட்கும் நோட்டீஸாக வைத்துக்கொள், பதிலைக் கேள், இத்தனை வாரத்தில் முடிவெடு என்று சொல்லித்தான் முடித்து வைக்கிறது.

சங்கத்தில் பேசி, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை மனு கொடுப்பது என்று தீர்மானித்தோம். ஓடையின் இரு கரைகளையும் முழுவதும் அளந்து, அளந்த விவரத்தோடு எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது முதல் கோரிக்கை. கேட்காமல் இடிக்கப்பட்ட இரண்டு வீட்டாருக்கும் மாற்று இடமும் பொருள் இழப்புக்கு ஈடும் வேண்டும் என்பது இரண்டாவது. ஆக்கிரமித்தவர்களுக்கு விவசாயிகள் சங்கம் ஏன் பரிந்து பேச வேண்டும் என்று சிலர் இரண்டாவதை எடுத்துவிடச் சொன்னார்கள். பேச்சு வெகுநேரம் நீண்டது, குரல்கள் உயர்ந்தன, கடைசியில் கோரிக்கை மனுவிலேயே நின்றது.

நண்பர் மனுவை இரண்டு முறை படித்தார். அடுத்த பிசானத்துக்குள் சுவர் போகுமா என்று கேட்டார். இதில் எழுதியபடி நோட்டீஸ் கொடுத்தால் அதற்கு முந்தைய கார் பருவ அறுப்புக்குள்ளேயே முடிக்கலாம் என்றேன். ரோட்டுப் பாலத்துக் குழாய்களையும் சேர்த்து எழுதுங்கள், ஓடையின் அகலத்தில் பாதிகூட அவற்றுக்கு இல்லையே என்றார். மூன்றாவது கோரிக்கையாக அதையும் எழுதிய பிறகு கையெழுத்துப் போட்டார்.